வாளெடுத்த குடியரசு

‘எம்பயர்’ என்று ஆங்கிலர் வழங்கும் சொல்லுக்கு வேர், உரோமர் மொழியாகிய இலத்தீனிலுள்ள ‘இம்பேரியம்’ என்பதாகும். பேரரசு என்பது அதன் முதற்பொருளன்று. படையை ஏவவும் நடத்தவும் ஒருவனுக்கு அளிக்கப்பட்ட ஆணையுரிமையையே அது முதலிற் குறித்தது. அவ்வாறே, மாகாணம் என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட ‘புரொவின்சியா’ என்ற சொல்லும் தொடக்கத்தில் ஒரு நிலப்பரப்பைச் சுட்டவில்லை. இன்ன படைத்தலைவனுக்கு இன்ன பணி என்று ஒதுக்கப்பட்ட பொறுப்பே புரொவின்சியா. பணி நீடித்தது, நாளடைவில் பணி நடந்த நிலமே அப்பெயரைப் பெற்றது. 1833 இல் ஆங்கிலர் இத்தீவை ஐந்து மாகாணங்களாக வகுத்தபோது அச்சொல் எம் கரைக்கும் வந்து சேர்ந்தது. கிழக்கு மாகாணம் என்று கடித உறையில் நாள்தோறும் எழுதும் எம்மவர், தம் முகவரிக்குள்ளேயே ஒரு தளபதியின் பணிக்கட்டளை ஒளிந்திருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

உரோமாபுரி எங்கே, கல்முனை எங்கே என்று வாசகர் வினவலாம். இடைவெளி அத்துணை பெரிதன்று. உரோமர் நாணயங்கள் இத்தீவின் மண்ணிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இங்கிருந்து கிளாடியஸ் மன்னனின் அவைக்குத் தூதுவர் சென்ற செய்தியைப் பிளினி என்ற உரோம ஆசிரியர் எழுதிவைத்துள்ளார். சங்கச் சான்றோர் யவனரின் மரக்கலங்களை நன்கு அறிந்திருந்தனர். எனினும் நாம் இங்குப் பேசவந்தது மிளகும் முத்தும் பற்றியன்று. மன்னனைத் துரத்திக் குடியரசு கண்ட ஒரு மக்கட்கூட்டம், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அதனைப் பேணிய ஒரு மக்கட்கூட்டம், ‘எமக்கு மன்னன் வேண்டும்’ என்று ஒருநாளும் கேளாமலே மன்னனைப் பெற்றுக்கொண்ட கதையைப் பற்றியே பேசவந்தோம். அக்கதையின் நடுவில் நிற்பவன் தளபதியல்லன், உழவன். ஆதலினாலேயே சம்மாந்துறை வட்டைகளிலும் நிந்தவூர்க் கண்டங்களிலும் நெல் விளைவிப்போர் அதனை அறிதல் நலம் என்கிறோம்.

கி.மு. 509 இல் மன்னராட்சி ஒழிந்ததாக உரோமர் கணக்கிட்டனர். அதன்பின் ஆண்டுதோறும் இரு கொன்சல்கள் தெரிவாயினர். ஒருவர் செய்ய முற்படுவதை மற்றவர் தடுக்கலாம். பேராபத்து நேர்ந்தால் ‘டிக்டேட்டர்’ என்ற தனித்தலைவன் ஒருவனை அமர்த்துவர். ஆறு திங்களுக்கு மேல் அவன் அப்பதவியில் இருத்தலாகாது. நிரந்தரமான கூலிப்படை என்று ஒன்றில்லை. நிலமுடைய குடிமகனே தன் செலவில் ஆயுதம் வாங்கிக்கொண்டு போருக்குப் போவான்; போர் முடிந்ததும் வயலுக்குத் திரும்புவான். நிலமற்றவனைப் படையிற் சேர்ப்பதில்லை. காக்கவேண்டிய உடைமை உள்ளவனே நாட்டைக் காப்பான் என்பது அவர்தம் எண்ணம்.

போர்கள் இத்தாலிக்குள் நடந்தவரை இம்முறை பொருந்திற்று. கி.மு. 264 இல் கார்தேஜுடன் தொடங்கிய பகை, மூன்று பெரும்போர்களாக நீண்டு, கி.மு. 146 இல் அந்நகரைச் சாம்பலாக்கிய பின்னரே ஓய்ந்தது. அதே ஆண்டிற் கிரேக்கத்தின் கொரிந்து நகரும் தரைமட்டமாயிற்று. ஸ்பெயினில் போர் தலைமுறைக் கணக்கில் இழுபட்டது. கடல் கடந்த உழவன் ஆண்டுக் கணக்காக ஊர் திரும்பவில்லை. வரம்பு இடிந்தது, வயல் தரிசாயிற்று, பெண்டு பிள்ளைகள் கடன்பட்டனர், அயலிலிருந்த செல்வன் அந்நிலத்தை வாங்கினான், அல்லது வளைத்துக்கொண்டான். வென்ற நாடுகளிலிருந்து அடிமைகள் ஆயிரமாயிரமாக வந்திறங்கினர். கூலிக்காரனைவிட அடிமை மலிவு. சிசிலியிலிருந்து வரியாக வந்த தானியம் தலைநகரின் வயிற்றை நிரப்பிற்று. நாடுகளை வென்று மீண்ட உழவன், தன் பரவணிக் காணியில் வேறொருவன் அடிமை ஏர் பூட்டி நிற்பதைக் கண்டான். எங்கள் பகுதியில் காணி இழந்தவரின் முகத்தைப் பார்த்தவர்க்கு அவன் முகத்தைக் கற்பனை செய்தல் கடினமன்று.

இந்த உழவனுக்காகக் கி.மு. 133 இல் திபேரியஸ் கிராக்கஸ் என்ற மக்கள் தலைவன் எழுந்தான். பொதுநிலத்தை வரம்புக்கு மேல் பிடித்து வைத்திருந்தோரிடமிருந்து மிகுதியை மீட்டு ஏழைக் குடிகளுக்குப் பகிர்வதே அவன் சட்டம். செனற் சபையினர் தாமே முன்னின்று அவனையும் அவனைச் சார்ந்தோர் ஏறத்தாழ முந்நூறு பேரையும் அடித்துக் கொன்றனர். அவன் தம்பி காயஸ் அதே வழியிற் சென்றான். அவனை ஒழிக்கக் கி.மு. 121 இல் செனற் புதியதொரு தீர்மானத்தைக் கண்டுபிடித்தது: குடியரசுக்குக் கேடு வராமல் காக்கக் கொன்சல் வேண்டியது செய்க என்பதே அதன் சாரம். வேண்டியது எது என்பதைக் கொன்சலே முடிவுசெய்வான். விசாரணையின்றிக் குடிமக்களைக் கொல்லுதலும் அதனுள் அடங்கிற்று. அவசரகாலச் சட்டம் என்று நாம் அறிந்த பொருளுக்குப் பாட்டன் இத்தீர்மானமே. கள்வரைப் பிடிக்கவோ பகைவரைத் தடுக்கவோ அது முதன்முதல் எடுக்கப்படவில்லை; உழவனுக்கு நிலம் கேட்டவனை வீழ்த்தவே எடுக்கப்பட்டது.

இனி, வாசகர் ஊன்றி நோக்கவேண்டிய இடத்துக்கு வருகிறோம். நிலமுடைய உழவன் அருகிவிட்டான், போர்களோ பெருகின. யாரைப் படைக்குச் சேர்ப்பது? கி.மு. 107 இல் மாரியஸ் என்ற கொன்சல், நிலமே இல்லாத ஏழைகளைப் படையிற் சேர்த்தான். அவர்களுக்குப் போரே தொழில். தொழில் முடிந்து கிழப்பருவத்தில் என்ன செய்வார்? சிறிது நிலம் வேண்டும். அந்நிலத்தை அளிக்கச் செனற் மனமிசையவில்லை. ‘நான் பெற்றுத் தருவேன்’ என்றான் தளபதி. அன்றிலிருந்து போர்வீரன் குடியரசின் முகத்தைப் பார்ப்பதை விட்டுத் தளபதியின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினான். இருபதாண்டு கழியவில்லை, கி.மு. 88 இல் சுல்லா என்பவன் உரோமப் படையை உரோமாபுரியின் மீதே நடத்திச் சென்றான். பின்னர் காலவரையறை இல்லாத டிக்டேட்டர் ஆனான். தன் பகைவரின் ஊர்களைப் பறித்துத் தன் வீரர்களைக் குடியேற்றினான். பறிகொடுத்தவரும் உழவர், பெற்றவரும் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஓர் ஏழையின் பசியை மற்றோர் ஏழையின் நிலத்தால் தீர்க்கும் இவ்வித்தை, அன்று தொடங்கி இன்றுவரை உலகில் வழக்கொழிந்ததில்லை.

சூழ்ச்சியால் மட்டும் இவை நடந்தன என்று கொள்ளற்க. அச்சமும் துணைநின்றது. கடற்கொள்ளையரால் தானியக் கப்பல்கள் தடைப்பட்டபோது, கி.மு. 67 இல், மக்கள் தாமே ஆர்ப்பரித்துப் பொம்பி என்ற தளபதிக்கு முழுக்கடலிலும் கரையோரங்களிலும் ஒப்பற்ற அதிகாரத்தை அளித்தனர். எச்சரித்தோரை எள்ளி நகையாடினர். பொம்பி சில திங்களில் கொள்ளையரை ஒழித்தான் என்பதும் உண்மை. வேலை முடிந்தது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. கோல் நாட்டிற் பத்தாண்டுக்குச் சற்றுக் குறைவாகப் போர் செய்து, தன்னையன்றி வேறெவரையும் அறியாத படையொன்றை வளர்த்த ஜூலியஸ் சீசர், கி.மு. 49 இல் ரூபிக்கன் ஆற்றைக் கடந்தான். கி.மு. 44 இல் வாழ்நாள் முழுமைக்கும் டிக்டேட்டர் ஆனான். அவ்வாண்டு மார்ச் 15 இல் செனற் மன்றத்திற் குத்துண்டு இறந்தான்.

குத்தியவர்கள் குடியரசு மீண்டுவிட்டது என்று கூவிக்கொண்டு தெருவில் ஓடினர். மீளவில்லை. ஒருவனைக் கொன்றார்களேயன்றி அவன் ஏறிநின்ற மேடையை அவர்கள் இடிக்கவில்லை. அவன் வளர்ப்புமகன் ஒக்டேவியன் அம்மேடையில் ஏறினான். வீரர்க்கு நிலமளிக்க இத்தாலியின் பதினெட்டு நகரங்களின் காணிகள் குறிக்கப்பட்டன. அவ்வாறு காணி இழந்தோரின் ஓலத்தை வெர்ஜில் என்ற பெரும்புலவன் தன் ஆயர் பாடல்களிற் பதித்தான். கி.மு. 27 இல் ஒக்டேவியன் ‘ஒகஸ்தஸ்’ என்ற சிறப்புப்பெயர் பெற்றான். மன்னன் என்று தன்னை அழைத்துக்கொள்ள அவன் மறுத்தான்! குடியரசை மீட்டுக் கொடுத்தேன் என்றே சொன்னான். கொன்சல்கள் ஆண்டுதோறும் தெரிவாயினர், செனற் கூடிற்று, தீர்மானங்கள் நிறைவேறின. படைகள் நிற்கும் மாகாணங்களிற் பெரும்பாலானவை மட்டும் அவன் கையில் இருந்தன. அது போதும் அல்லவா?

இத்துணையும் கூறியது இத்தீவின் வரலாற்றை அதனோடு ஒட்டவைத்துக் காட்டுதற்கன்று. இலங்கை உலகை வெல்லப் புறப்பட்ட நாடன்று. ஆனால் ஒரு நாடு தன் எல்லைக்குள்ளேயே ஒரு பகுதியைப் புரொவின்சியாவாக நடத்தத் தொடங்கினால், வெளிநாட்டை வென்றவர்க்கு நேர்ந்தது அதற்கும் நேரும் என்பதே எம் வாதம். வெல்லப்பட்டவர் வருந்துவது ஒருபுறம் இருக்க, வென்றவருடைய குடியரசும் கெட்டுப்போகும். இதைத் தமிழ் பேசுவோர் மட்டுமன்றிச் சிங்கள மக்களும் உணரல் வேண்டும்.

பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1947 இல் வந்தது. அதாவது, விடுதலைக்கு முன்னரே, தொழிலாளர் பொது வேலைநிறுத்தத்தை எதிர்கொள்ள வெள்ளையர் ஆட்சியில் பிறந்தது. உழவனுக்கு எதிராகப் பிறந்த உரோமத் தீர்மானத்தை இங்கு நினைவுகூர்க. 1949 ஒக்டோபர் 10 இல் இலங்கை இராணுவம் அமைந்தபோது அது பெரிதும் அணிவகுப்புக்கும் விழாவுக்கும் உரிய சிறுபடையே. 1958 இல் அவசரகாலம். 1961 இல் சத்தியாக்கிரகத்தை அடக்க அவசரகாலம். 1971 மார்ச்சில் மீண்டும். இம்மூன்றாவது, 1977 பெப்ரவரி வரை எடுபடவில்லை. இலங்கை குடியரசானது 1972 மே 22 இல். ஆக, எமது குடியரசு அவசரகாலச் சட்டத்தின் மடியிலேயே பிறந்தது. பிறந்தவுடன் பாராளுமன்றம் தன் ஆயுளை ஈராண்டு நீட்டிக்கொண்டது.

1978 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா நிறைவேற்று அதிகாரம் பெற்ற ஜனாதிபதி ஆனார். முப்படைகளின் தலைமையும் அமைச்சரவையின் தலைமையும் ஒருவர் கையிற் சேர்ந்தன. 1979 இல் மூன்றாண்டுக்கு மட்டும் என்று சொல்லிப் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1982 இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. ஆறு திங்கள் டிக்டேட்டர் ஆயுட்கால டிக்டேட்டர் ஆனதற்கு உரோமர் நாலரை நூற்றாண்டுகள் எடுத்தனர். நாம் மூன்றே ஆண்டில் அவ்வேலையை முடித்தோம். விரைவில் நாம் உரோமருக்கு இளைத்தவரல்லர். அதே 1982 டிசம்பர் 22 இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு மக்கள் தீர்ப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுள் மேலும் ஆறாண்டு நீட்டப்பட்டது. 1983 கலவரத்தின் பின் மூண்ட போர் 2009 மே வரை நீடித்தது. அவசரகாலமோ சிறு இடைவெளிகள் நீங்கலாக 2011 ஓகஸ்ட் வரை நீடித்தது. போர் முடிந்த பின்னும் ஈராண்டுக்கு மேலாக எந்த அவசரம் எஞ்சியிருந்தது?

இங்கே எம்மைப் பற்றியும் நாம் பேசவேண்டும். வாளை நாடியவர்கள் கொழும்பில் மட்டும் இருந்தார்கள் என்று சொன்னால் இக்கரை எம்மைப் பார்த்து நகைக்கும். 1990 ஜூனில் கல்முனை முதலிய கிழக்கின் பொலிஸ் நிலையங்களிற் சரணடைந்த பொலிசாரைப் புலிகள் நூற்றுக்கணக்கிற் கொன்றனர். படை கல்முனைக்கு மீண்டபோது எத்தனையோ தமிழ்த் தாய்மார் காணாமற்போன பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாக அலைந்தனர். ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 12 இல் வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஊர்காவற்படையினரும் அதிற் பங்குகொண்டனர். அந்த ஆவணியில், அயலூரின் பெயரைக் கேட்டே குழந்தைகள் நடுங்கின. முஸ்லிம் ஊர்கள் ‘எமக்குத் துவக்குத் தருக’ என்று அரசைக் கேட்டதிற் குற்றம் காண்பது எளிது. அவ்விரவுகளை அறிந்தவர் காணார். தமிழ் இளைஞரோ, தம்மைக் காக்க எடுத்ததாகச் சொல்லப்பட்ட துவக்கே தம்மை ஆளும் கோலாகியதைக் கண்டனர். கடற்கொள்ளையருக்கு அஞ்சிய உரோமர் பொம்பியிடம் ஓடியதுபோல இருசாராரும் ஆளுக்கொரு வாளிடம் ஓடினோம். ஓடியவர் மீண்டும் ஊருக்குள் வந்து பார்த்தபோது, இடையில் நின்ற வாள்காரனே வீட்டுக்காரனாக இருந்தான்.

நிலத்தின் செய்தி இன்னும் பழையது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கண்ட கல்லோயாத் திட்டம் 1949 இன் சட்டத்தால் தொடங்கியது. அதன் நீரால் எம் வயல்கள் பெற்ற நன்மையை நாம் மறைக்கவில்லை. பெரும்போகத்தோடு சிறுபோகமும் விதைக்கும் இக்கரைப் போடிமாரைக் கேட்டால் அவர்களே சொல்வர். கல்லோயாவுக்கு வந்தவர்கள் வாளோடு வரவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். நிலமற்ற ஏழைச் சிங்கள உழவராகவே வந்தனர். ஆயினும் 1956 ஜூனில் அக்குடியேற்றத்தில் தமிழர் மீது வன்முறை வெடித்தது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று; கரையோரத்தில் தமிழ் பேசுவோர் நெருங்கி வாழ, கச்சேரியோ உள்நாட்டில் அமைந்தது. ஒரு பிறப்புச்சான்றிதழ்ப் பிணக்குக்குக்கூடத் தமிழ் அறியாத மேசையின் முன் நின்ற தலைமுறைக்கு இதன் பொருள் விளங்கும். எண்பதுகளில் மணலாற்றில் நடந்தது வேறு வகை. அங்குக் குடியேற்றமும் படைமுகாமும் இணைந்தே சென்றன. எல்லைகளில் உழவனையே அரணாக நிறுத்திய உரோமக் குடியேற்றங்களுக்கு இதைவிட நெருங்கிய உவமை இத்தீவில் இல்லை. அரணாக நிறுத்தப்பட்ட அவ்வேழைகளும் கொல்லப்பட்டனர்.

போருக்குப் பின் படை குடிகளின் நிலத்தை விட்டுப் போகும் என்று எதிர்பார்த்தோம். 2010 ஜூலையில், பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையில், நெடுங்காலம் பயிர்செய்த குடிகள் துரத்தப்பட்டனர். அவர்களின் நிலத்திற் கடற்படையும் வான்படையும் அமர்ந்தன. பாணமையார் யார்? பெரும்பாலோர் சிங்களம் பேசுவோர். தமிழோடு கலந்த பழங்குடிகள். 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை முடிவுசெய்தது. அம்முடிவு காகிதத்திலிருந்து காணிக்கு இறங்க அவர்கள் மேலும் ஆண்டுக்கணக்காகப் போராடவேண்டியிருந்தது. 2011 இன் இறுதியில் ஒலுவிலை அடுத்த அஷ்ரப் நகரில் முகாம் எழுந்ததால் முஸ்லிம் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஒன்று சிங்கள ஊர், மற்றொன்று முஸ்லிம் ஊர். வாள் நிலத்தை விரும்பத் தொடங்கினால் மொழியையும் மதத்தையும் நெடுநாள் கேட்டுக்கொண்டிராது என்பதற்கு எம் மாவட்டத்திலேயே இரு சான்றுகள்.

மாகாணத்தை யார் ஆண்டார்கள்? 2006 முதல் 2015 வரை கிழக்கின் ஆளுநர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. வடக்கிற்கு 2009 இல் வந்த ஆளுநர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். 2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றி ஆளுநராட்சியிலேயே கழிந்தன. 2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருள்களைப் பேணப் பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் ஒரு செயலணி அமைந்தது. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் பழைமையை ஆராய அமைத்த அச்செயலணியிற் தொடக்கத்தில் ஒரு தமிழர் இல்லை, ஒரு முஸ்லிம் இல்லை. பழைய செங்கல்லுக்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் என்ன உறவு என்று கேட்போமாயின், புரொவின்சியா என்ற சொல்லின் முதற்பொருளைப் பார்க்க என்றே விடை சொல்லல் வேண்டும்.

எம்முள் ஒருசாரார், அவருட் கற்றோரும் உளர், ஒருவரிடம் அதிகாரம் குவிவது சிறுபான்மையோருக்கு நன்மையே என்பர். நாடளாவிய தேர்தலில் எம் வாக்கும் தேவைப்படும். ஒரு கதவைத் தட்டினால் வேலை முடியும். இருநூற்று இருபத்தைந்து பேரிடம் போய் மன்றாட வேண்டியதில்லை என்பது அவர்தம் கணக்கு. இக்கணக்கில் ஒரு காலம் உண்மையும் இருந்தது. 1988 இல் கல்முனைக்கரையின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப், பிரேமதாசாவோடு பேசி, சிறுகட்சிகள் ஆசனம் பெறத் தேவையான வாக்குவீதத்தைப் பன்னிரண்டரையிலிருந்து ஐந்தாகக் குறைப்பித்தார். ஆனால் 2019 நவம்பரில் வடகிழக்கின் ஐந்து தேர்தல் மாவட்டங்களும் எதிராக வாக்களித்தும் கோத்தாபய ராஜபக்ஷ, முன்னாட் படையதிகாரி, 52 வீதத்துக்கு மேற்பட்ட வாக்கோடு வென்றார். எம் வாக்கின்றியே வெல்லலாம் என்பது அன்று நிறுவப்பட்டது. தட்டுவதற்கு இருந்த அந்த ஒரே கதவும் மூடிற்று.

மூடிய கதவின் பின் என்ன நடந்தது என்பதை எம்மிடம் கேட்கவேண்டா. 2020 இன் முற்பகுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை, கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தாரின் கண்ணீரையும் மார்க்கத்தையும் மீறி எரியூட்டப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. பின்னர் ஓட்டமாவடியில் மண் கிடைத்தபோதும் படையினர் மேற்பார்வையிலேயே அடக்கம் நடந்தது. உடல்கள் எரிந்துகொண்டிருந்த அதே காலத்தில், 2020 ஒக்டோபர் 22 இல், ஜனாதிபதிக்கு மேலும் அதிகாரம் அளிக்கும் 20 ஆம் திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறிற்று. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து அதற்குக் கைதூக்கியோருள் இக்கரையின் வாக்கால் பாராளுமன்றம் சென்ற முஸ்லிம் உறுப்பினரும் இருந்தனர். 2010 இல், பதவிக்கால வரம்பை நீக்கிய 18 ஆம் திருத்தத்துக்கும் முஸ்லிம் காங்கிரஸ் ஆதரவளித்தது. 161 பேர் ஆம் என்றனர், 17 பேரே இல்லை என்றனர். உரோமச் செனற்றைக் கெடுத்தது வாள் மட்டுமன்று. வாளுக்கு வேண்டியதை முன்கூட்டியே அறிந்து கையை உயர்த்திய செனற்றர்களும் அதைக் கெடுத்தனர்.

உழவருக்கு இதிலென்ன என்று எவரேனும் கேட்பின், 2021 மே மாதத்தை நினைவூட்டுகிறோம். ஒரே வர்த்தமானியால் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. எந்த வட்டவிதானையைக் கேட்டார்கள்? எந்தக் கமக்காரர் கூட்டம் அதை ஆராய்ந்தது? பாராளுமன்றம் விவாதித்தா முடிவெடுத்தது? நவம்பரிற் தடை நீங்கியபோது அந்தப் பெரும்போகம் கைநழுவிப்போயிருந்தது. கதிர் பதராய் நின்ற வயலுக்குள் இறங்கிய முல்லைக்காரனுக்கு அரசியற் சட்டத்தின் 20 ஆம் திருத்தம் என்னவென்று அன்று விளங்கியிருக்கும்.

2022 ஜூலை 9 இல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர்; 14 ஆம் நாள் அவர் பதவி துறந்தார். குருதி சிந்தாத மார்ச் 15 என்று அதைச் சொல்லலாம். ஆனால் நடந்தது என்ன? 21 ஆம் நாள் வேறொருவர் அதே நாற்காலியில் அமர்ந்தார். மறுநாள் விடியுமுன் படையினர் காலிமுகத்திடலுக்குட் புகுந்து போராட்டக்காரரை அடித்துக் கலைத்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வந்த 21 ஆம் திருத்தம் சில அதிகாரங்களைக் குறைத்தது. பதவியை அது தொடவில்லை. அப்பதவியை ஒழிப்பேன் என்று 1994 முதல் வாக்களித்தவர்கள் பலர். அமர்ந்தபின் அந்நாற்காலியின் மென்மை அவர்களுக்குப் புலப்பட்டிருக்க வேண்டும்.

கல்முனைத் தமிழரும் முஸ்லிம்களும் ஒரு பிரதேச செயலகத்தின் எல்லைக்கோட்டைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் பிணங்கிக்கொண்டிருந்த காலமும் இதுவே. அப்பிணக்கிற் யார் பக்கம் நீதி என்று இங்கு நாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. உரோமர் இத்தாலியை ஆண்ட முறையை மட்டும் சொல்லி வைக்கிறோம். ஒவ்வோர் ஊருடனும் தனித்தனி உடன்படிக்கை. ஓரூருக்கு முழுக்குடியுரிமை, அடுத்ததற்குப் பாதி, மூன்றாவதற்கு வெறும் நட்பு. ஊர்கள் ஒன்றையொன்று பார்த்துப் பொறாமை கொள்ள, எல்லாம் உரோமாபுரியையே பார்த்து நின்றன. கி.மு. 91 இல் அவ்வூர்கள் பல ஒன்றுசேர்ந்து எழுந்த பிறகே எல்லோர்க்கும் குடியுரிமை கிடைத்தது.

இறுதியாக ஒன்று. 2023 ஜனவரியில் அரசாங்கம் ஓர் அறிவித்தல் விடுத்தது: இரண்டு இலட்சத்து எழுநூற்று எண்பத்து மூன்று என்ற இராணுவ ஆளணியை 2024 இல் 1,35,000 ஆகவும், 2030 இல் 1,00,000 ஆகவும் குறைப்பது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் படையைவிட்டு வெளியேறுவோர் எங்கே போவார்? அவர்களும் குருநாகலிலும் அநுராதபுரத்திலும் நிலமற்ற வீடுகளிற் பிறந்த ஏழைப் பிள்ளைகள். மாரியஸ் சேர்த்த வீரரின் வழித்தோன்றல்கள் என்றே சொல்லலாம். அவர்கள்மீது எமக்குப் பகையில்லை. அவர்களுக்கு நிலம் தருவோம் என்று எவரேனும் மேடையேறிச் சொல்லும்போது, யாருடைய நிலம் என்ற வினாவை இக்கரையின் பாராளுமன்ற உறுப்பினர் அன்றே எழுப்பல் வேண்டும். ஒகஸ்தஸ்கூட முடிவில் இதனை உணர்ந்தான், கி.பி. 6 இல் படைவீரர்க்கென ஒரு கருவூலம் அமைத்து, செல்வர் விட்டுச்செல்லும் மரபுரிமைச் சொத்தில் நூற்றுக்கு ஐந்து வரி விதித்து, ஓய்வுபெற்ற வீரருக்குப் பணமாகவே கொடுக்க ஏற்பாடு செய்தான். செல்வர் முணுமுணுத்தனர். உழவர் காணி தப்பியது. எம் உறுப்பினர், அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்திற் பாதுகாப்பு அமைச்சின் செலவினத் தலைப்பு வரும்போது, ஓய்வூதியத்துக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று கேட்கட்டும். பாணமையிலும் அஷ்ரப் நகரிலும் பறிபோன காணியில் எத்தனை ஏக்கர் உறுதிப்பத்திரத்தோடு உரியவர் கைக்கு மீண்டது, எத்தனை மீளவில்லை என்ற கணக்கையும் அதே நாளில் ஹன்சாட்டில் ஏற்றட்டும்.